பூட்டான் பயணம்: பாதுகாப்பு, அனுமதி, உடல்நலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூட்டான் பாதுகாப்பான நாடுதானா?

மனிதர்களைப் பொறுத்தவரை, ஆம். எட்டு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை, போக்குவரத்து சிக்னல் விளக்கு ஒன்றுகூட இல்லாத தலைநகரம். வழிப்பறி, மிரட்டல், வெளிநாட்டவரைக் குறிவைத்த வன்முறை எல்லாம் மிக அரிது. திம்புவில் வார இறுதி இரவுகளில் பார் வாசலில் தள்ளுமுள்ளு நடக்கலாம், கூட்டமான திருவிழாவில் கைப்பை திறந்திருந்தால் பர்ஸ் போகலாம். அவ்வளவுதான்.

கவலைப்பட வேண்டியவை வேறு: மலைச்சாலை, உயரம், வானிலை, அப்புறம் உங்களுக்கும் நல்ல மருத்துவமனைக்கும் இடையே இருக்கும் தூரம். இந்த நான்கையும் ஆபத்தாக்குவது பெரும்பாலும் நம் அவசரம்தான். நான்கு நாளில் திம்பு, பாரோ, புனாகா, பும்தாங் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று யாராவது பயணத்திட்டம் நீட்டினால், அதை வாங்காதீர்கள். கீழே உள்ள பதில்களில் பாதி, சுற்றிச் சுற்றி இந்த விஷயத்துக்குத்தான் வரும்.

இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்கிறார்களே, அப்படியே போய்விடலாமா?

விசா வேண்டாம், ஆனால் நுழைவு அனுமதி வேண்டும். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை, இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். ஆதார் செல்லாது. இதை எத்தனை முறை சொன்னாலும், எல்லை நகரமான புன்ட்சோலிங்கின் குடிவரவு அலுவலகத்தில் ஆதாரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் ஆங்கிலத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழ் போதும். தமிழில் மட்டும் இருந்தால் முன்கூட்டியே ஆங்கில நகல் வாங்கிவிடுங்கள். பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ கூட வர வேண்டும்.

அனுமதிக்கு இணையத்தில் முன்பே விண்ணப்பிக்கலாம், அதுதான் நல்லது. எல்லையில் நின்று எடுக்கலாம் என்று விட்டால் அலுவலக நேரமும் பூட்டானின் விடுமுறை நாட்களும் உங்கள் ரயில் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். எந்தெந்த மாவட்டங்களுக்குப் போகிறீர்களோ அவை அனைத்தும் அனுமதியில் இருக்கிறதா என்று பாருங்கள். திம்புவிலிருந்து புனாகா போகும் வழியில் ஹோங்ட்சோ போன்ற சோதனைச் சாவடிகளில் நிறுத்திப் பார்ப்பார்கள். எல்லையின் இந்தியப் பக்கத்து ஊரான ஜெய்காவில் "நான் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன்" என்று தெருவில் நெருங்குகிறவர்களிடம் அசல் ஆவணத்தைக் கொடுக்காதீர்கள்.

கட்டணம் எவ்வளவு? ஏன் கட்ட வேண்டும்?

நீடித்த வளர்ச்சிக் கட்டணம், சுருக்கமாக எஸ்.டி.எஃப். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு ஒருவருக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயது வரை பாதி, அதற்குக் கீழே இலவசம். மற்ற நாட்டவர்களுக்கு ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டாலர், அதோடு விசாவுக்கு 40 டாலர். கோவிட் அடைப்புக்குப் பிறகு 2022 செப்டம்பரில் எல்லையைத் திறந்தபோது 200 டாலர் என்று உயர்த்தியிருந்தார்கள். வருகை குறைந்ததும் 2023 செப்டம்பரில் பாதியாக்கினார்கள். இந்தச் சலுகை 2027 ஆகஸ்ட் இறுதிவரை என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு போகிறவர்கள் புதிதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

இது ஹோட்டல், உணவு, வண்டி எதையும் சேர்த்தது அல்ல, அரசுக்குப் போகும் பணம். நான்கு பேர் ஐந்து இரவு தங்கினால் 24,000 ரூபாய். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு "இந்தியர்களுக்கு இலவசம்" என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இலங்கை, மலேசியா, கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு?

விசா, 100 டாலர் இரண்டும் உண்டு. ஓ.சி.ஐ. எனும் வெளிநாட்டு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை இருந்தாலும் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டவர்தான், இந்தியக் கட்டணம் கிடைக்காது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியா வழியாகத் தரைமார்க்கமாக வந்து, அதே வழியாகத் திரும்புகிறவர்களுக்கு இந்திய விசா ஒருமுறை நுழைவுக்கானதாக இருந்தால் திரும்பும்போது சிக்கல். பலமுறை நுழையும் விசாவா என்று பாருங்கள். ஜெய்காவில் உள்ள இந்தியக் குடிவரவு அலுவலகத்தில் வெளியேறும் முத்திரை வாங்காமல் எல்லைக் கதவைத் தாண்டிவிடாதீர்கள். ஊரே ஒரே கடைத்தெரு மாதிரி இருப்பதால் தாண்டியதே தெரியாது.

திம்புவில் தூதரகம் வைத்திருக்கும் நாடுகள் மிகச் சில. இந்தியாவுக்கு அங்கே தூதரகமும், புன்ட்சோலிங்கில் துணைத் தூதரகமும் உண்டு. அமெரிக்கா, பிரிட்டன் போன்றவற்றுக்குப் பூட்டானில் தூதரகமே கிடையாது. பாஸ்போர்ட் தொலைந்தால் டெல்லி பக்கம்தான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே நகல் ஒன்று பையில், ஒன்று போனில்.

பாரோவில் விமானம் இறங்குவது ஆபத்தானது என்று வீடியோக்கள் பயமுறுத்துகின்றனவே?

காட்சி பயமாகத்தான் இருக்கும். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் குறுகிய பள்ளத்தாக்கு, கடைசி நிமிடம்வரை மலையை ஒட்டித் திரும்பித் திரும்பி இறங்கும் விமானம். ஆனால் விதிகள் அதற்கேற்பக் கடுமை. தனிப் பயிற்சி பெற்ற விமானிகள் மட்டுமே இறக்கலாம், பகல் வெளிச்சத்தில் மட்டுமே, ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே. தெரியவில்லையென்றால் திரும்பிப் போய்விடுவார்கள்.

ஆகவே உங்களுக்கு நேரக்கூடிய நஷ்டம் பெரும்பாலும் நேரம்தான். மழைக்காலத்தில் மேகம், வசந்தத்தில் பிற்பகல் காற்று என்று விமானம் தாமதமாகும், சில நாள் ரத்தும் ஆகும். பாரோவிலிருந்து கொல்கத்தா வந்து அன்று மாலையே சென்னை விமானம் என்று டிக்கெட் போடாதீர்கள். நடுவில் ஓர் இரவு விடுங்கள். டெல்லியிலிருந்து போகிறவர்கள் இடப்பக்க ஜன்னல் இருக்கையைக் கேளுங்கள், வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்ட் தெரியும். இதற்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை.

சாலை வழி எப்படி?

ரயிலில் ஹாசிமாரா, அல்லது விமானத்தில் பாக்டோக்ரா. அங்கிருந்து ஜெய்காவ், கதவைத் தாண்டினால் புன்ட்சோலிங். அங்கிருந்து திம்பு சுமார் 150 கிலோமீட்டர். நம் நாற்கரச் சாலைக் கணக்கில் இரண்டரை மணி நேரம் என்று நினைப்பீர்கள். ஐந்து மணி நேரம், வழியில் ஏதாவது என்றால் ஆறு. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,300 மீட்டருக்கு ஏறுகிறீர்கள். இடையில் கெது பகுதியில் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு மட்டும்தான் தெரியும். சோர்ச்சென் பகுதி மழைக்காலத்தில் மண் சரிவுக்குப் பேர்போனது.

பூட்டானில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள், மணியில் கேளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். திம்புவிலிருந்து புனாகா 75 கிலோமீட்டர்தான், இரண்டரை முதல் மூன்று மணி ஆகும். பும்தாங் என்றால் ஒரு முழுப் பகல் போய்விடும்.

ஓட்டுநர்கள் பொதுவாக நிதானமானவர்கள். அவர்களை அவசரப்படுத்துவது நாம்தான். இருட்டிய பிறகு மலைச்சாலையில் போக வேண்டாம் என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள். நாள் முழுக்க ஓட்டியவரை, "இன்னும் ஒரே ஒரு இடம்" என்று இழுக்காதீர்கள். வளைவுகளில் குமட்டல் வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள், காலையில் இட்லி நான்கு என்றால் அன்று இரண்டோடு நிறுத்துங்கள்.

சொந்தக் காரிலோ பைக்கிலோ போகலாமா?

போகலாம். வாகன அனுமதி தனி, இந்தியப் பதிவு வண்டிகளுக்கு நாள்வாரிக் கட்டணமும் உண்டு, அது கொஞ்சமல்ல. திம்பு, பாரோ தாண்டினால் உரிமம் பெற்ற வழிகாட்டி கூட இருக்க வேண்டும் என்பதும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் உள்ளூர் வண்டியும் ஓட்டுநரும் பெரும்பாலும் மலிவு, பாதுகாப்பும்கூட. ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டிப் பழகிய கைகளுக்குத் திம்புவில் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், அங்கே யாரும் அடிப்பதில்லை.

எந்த மாதம் போகலாம்?

மார்ச் முதல் மே, செப்டம்பர் இறுதி முதல் நவம்பர். ஜூன் முதல் செப்டம்பர்வரை மழை, சாலை மூடல், அட்டைப்பூச்சி. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை வானம் கண்ணாடியாக இருக்கும், போப்ஜிகா பள்ளத்தாக்கில் கருங்கழுத்துக் கொக்குகளும் இருக்கும். ஆனால் திம்புவிலேயே இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். டோச்சுலா, பேலே லா, துரும்சிங் லா கணவாய்களில் பனி விழுந்தால் வழி அடைபடும். குளிர்காலத்தில் அறையில் விறகு அடுப்பு வைத்திருந்தால் தூங்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். முழுக்க அடைத்த அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்வது வாசனையே இல்லாத ஆபத்து.

அம்மாவுக்கு 68 வயது, ரத்த அழுத்தம் உண்டு. உயரம் ஒத்துக்கொள்ளுமா?

பாரோ ஏறத்தாழ நம் ஊட்டியின் உயரம்தான். ஊட்டிக்குப் போய் நன்றாக இருந்தவர் என்றால் பாரோவும் திம்புவும் பிரச்சினையாக இருக்கக் கூடாது. உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தூங்கும்போதுதான் தொல்லை கொடுக்கத் தொடங்கும். டோச்சுலா 3,100 மீட்டர், பாரோவுக்கும் ஹாவுக்கும் நடுவே இருக்கும் செலே லா கிட்டத்தட்ட 4,000. இவை வண்டியில் ஏறி, அரை மணி நின்று, இறங்கிவிடும் இடங்கள். தலை லேசாகக் கிறுகிறுக்கும், மூச்சு வாங்கும், ஓடாமல் இருந்தால் போதும். மறுபக்கம் போப்ஜிகா, ஹா, பும்தாங் ஆகியவை தூங்கும் உயரத்திலேயே 2,600 முதல் 3,000 மீட்டர் வரை.

அதனால் வரிசையை மாற்றிப் போடுங்கள். திம்புவில் இரண்டு இரவு, அடுத்து 1,300 மீட்டருக்கும் தாழ்வான, இதமான புனாகா, கடைசியில் பாரோ. முதல் நாள் எதையும் ஏறாதீர்கள். வழக்கமான மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், மருந்துச் சீட்டும் கூட இருக்கட்டும். இதயக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் என்றால் கிளம்பும் முன் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். உயர நோய்க்கான அசெட்டசோலமைட் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று போடாதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம்.

தலைவலி, வாந்தி உணர்வு, தூக்கமின்மை வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால் உடனே கீழே இறங்க வேண்டும். காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. சுடுகல் போட்டுச் சூடாக்கும் மரத்தொட்டிக் குளியல் அங்கே பிரபலம். ரத்த அழுத்தக்காரர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்ப்பது நல்லது.

புலிக்கூடு மடத்துக்கு எல்லோராலும் ஏற முடியுமா?

பாரோ தக்சங் மடம் 3,100 மீட்டருக்குச் சற்று மேலே, செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடிவாரம் 2,600. போய்வர நான்கு முதல் ஆறு மணி நேரம். பாதி வழியில் ஒரு சிற்றுண்டிச் சாலை உண்டு, அங்கிருந்தே மடம் அழகாகத் தெரியும். முழங்கால் முணுமுணுக்கிறவர்கள் அங்கே தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதில் ஒரு வெட்கமும் இல்லை. அதற்குப் பிறகு வருவது எழுநூறுக்கும் மேற்பட்ட படிகள், முதலில் இறக்கம், அப்புறம் ஏற்றம். திரும்பும்போது அதே ஏற்றம் காத்திருக்கும்.

குதிரை மேலே போக மட்டும், அதுவும் பாதி வழிவரை. இறங்க நடந்துதான் ஆக வேண்டும். எடை அதிகமானவர்களையும் சின்னக் குழந்தைகளையும் குதிரையில் ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், பாதையின் ஓரம் பள்ளம். காலை எட்டு மணிக்குள் தொடங்குங்கள், பிடிப்புள்ள காலணி போடுங்கள், வாடகைக்குக் கிடைக்கும் ஊன்றுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். மடத்துக்குள் போன், கேமரா, பை எதற்கும் அனுமதியில்லை, வாசலில் பெட்டகம் உண்டு. 1998இல் தீ விபத்தில் எரிந்து மீண்டும் கட்டப்பட்ட இடம், ஆகவே லைட்டர் விஷயத்தில் அவர்கள் கண்டிப்பைக் குறை சொல்ல முடியாது.

நீண்ட மலையேற்றம்?

திரூக் பாதை 4,200 மீட்டர்வரை போகும். பனிமனிதன் மலையேற்றம் 5,000 மீட்டருக்கு மேலான பல கணவாய்களைத் தாண்டுவது, உலகின் கடினமானவற்றில் ஒன்று. இவை இரண்டும் உரிய வழிகாட்டிக் குழுவோடும் காப்பீட்டோடும் மட்டும். சிகரம் ஏறுவது 2003 முதல் முற்றிலும் தடை. அதனால்தான் 7,570 மீட்டர் கங்கர் புவென்சும் இன்னும் யாரும் ஏறாத சிகரமாக இருக்கிறது.

உடம்புக்கு முடியாமல் போனால்?

ஆம்புலன்ஸ் 112, காவல்துறை 113, தீயணைப்பு 110. திம்புவில் உள்ள ஜிக்மே தோர்ஜி வாங்சுக் தேசிய மருத்துவமனைதான் நாட்டில் பெரியது. கெலெபு, மோங்கர் ஆகிய இடங்களில் வட்டார மருத்துவமனைகள். கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் முதலுதவி நன்றாகவே கிடைக்கும். ஆனால் சிக்கலான சிகிச்சைக்குப் பூட்டான் அரசு தன் மக்களையே கொல்கத்தாவுக்கும் வேலூருக்கும் அனுப்புகிறது. வேலூர் என்று சொன்னால் சட்டென்று முகம் மலரும் பூட்டானியர்களைச் சந்திப்பீர்கள், வீட்டில் யாராவது சி.எம்.சி. வந்து போயிருப்பார்கள்.

ஹெலிகாப்டர் சேவை 2015 முதல் இருக்கிறது. அதுவும் வானிலை விட்டால்தான். அவசர வெளியேற்றத்தையும் சேர்த்த பயணக் காப்பீடு எடுங்கள், நீங்கள் போகும் உயரம் அதில் அடங்குமா என்று சிறிய எழுத்தையும் படியுங்கள்.

தெருநாய்கள் நிறைய என்கிறார்களே?

நிறையத்தான். பகலில் சாலை நடுவே தூங்கும், இரவில் கூட்டாகக் குரைக்கும். காதடைப்பான் கொண்டுபோங்கள். நாடு முழுவதும் கருத்தடை இயக்கம் நடத்தி, 2023இல் எல்லாத் தெருநாய்களுக்கும் முடித்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரும்பாலும் சாதுவானவை, ஆனால் விடியற்காலை ஓட்டப்பயிற்சிக்குப் போகிறவர்களைத் துரத்துவதுண்டு. தெற்கு எல்லைப் பகுதிகளில் வெறிநோய் இருக்கிறது. கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்பு நீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசி தொடங்குங்கள். ஊர் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். அதே தெற்குப் பகுதியில் கொசுவும் உண்டு. புன்ட்சோலிங்கில் டெங்கு வந்திருக்கிறது.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம். இந்தியத் துணைக்கண்டத்தில் தனியாகச் செல்லும் பெண்கள் தோளை இறக்கி நிம்மதியாக நடக்கக்கூடிய இடங்களில் பூட்டானும் ஒன்று என்பது என் கருத்து. கடைகள் பலவற்றைப் பெண்களே நடத்துகிறார்கள், ஏதாவது சங்கடம் என்றால் நுழைந்துவிடலாம். இரவு நேரத்து பார், குடித்த துணையோடு நீண்ட டாக்சிப் பயணம் இவற்றில் எங்கும் காட்டும் எச்சரிக்கை இங்கும் வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெய்காவில் இருட்டிய பிறகு வந்திறங்காதபடி திட்டமிடுங்கள். ஒருபாலின உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை நாடாளுமன்றம் 2020 டிசம்பரில் நீக்கியது.

சிகரெட், மாத்திரை விஷயத்தில் கடுமையாமே?

புகையிலை விற்பனைக்கு நீண்ட காலம் இருந்த தடை 2021இல் தளர்ந்தது, கடையில் கிடைக்கிறது. ஆனால் பொது இடத்தில் புகைத்தால் அபராதம். கொண்டுபோனால் சுங்கத்தில் சொல்லுங்கள்.

மாத்திரைதான் பலருக்குத் தெரியாத பொறி. டிரமடால் அடங்கிய வலி மாத்திரைகள், நைட்ரசெபம் போன்ற தூக்க மாத்திரைகள் அங்கே போதைக்காகக் கடத்தப்படுகிறவை. எல்லைச் சோதனையில் இவற்றுக்குத்தான் முதல் கண். உண்மையிலேயே தேவை என்றால் பெயர் போட்ட மருந்துச் சீட்டு, பிரிக்காத அசல் மாத்திரை அட்டை, பயண நாளுக்கு வேண்டிய அளவு மட்டும். தெரிந்தவர் கொடுத்தனுப்பும் மருந்துப் பொட்டலம் எதையும் வாங்காதீர்கள். சாலையோரம் கஞ்சாச் செடி களை மாதிரி வளர்ந்து கிடக்கும், பறித்தால் சிறை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். ஏமா தட்ஷி என்பது மிளகாயையே காய்கறியாகப் போட்டுப் பாலாடைக்கட்டியோடு வேகவைப்பது. காரம் நமக்கே கொஞ்சம் யோசிக்க வைக்கும். உருளைக்கிழங்கு போட்டது கேவா தட்ஷி, காளான் போட்டது ஷாமு தட்ஷி, இவை சாந்தமானவை. மீன், இறைச்சி கலக்காமல் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிவப்பரிசிச் சோறு நம் வயிற்றுக்கு ஒத்துப்போகும். தண்ணீரைக் காய்ச்சியோ வடிகட்டியோ குடியுங்கள். தோமா எனும் வெற்றிலைப் பாக்கில் பாக்கு புளிக்கவைத்தது, நம் ஊர்த் தாம்பூலம் மாதிரி நினைத்துப் போட்டால் முகம் சிவந்து வியர்க்கும்.

கோட்டைகள், கோயில்களில் என்ன கவனிக்க வேண்டும்?

ஜோங் எனும் கோட்டை மடங்களுக்கு முழுக்கால் உடை, முழுக்கை. தொப்பி, குடை உள்ளே கூடாது. சன்னிதிக்குள் செருப்பும் படமெடுப்பதும் கூடாது, முற்றத்தில் எடுக்கலாம். ஸ்தூபியை நம் கோயில் போலவே வலமாகச் சுற்றுங்கள். அதன்மேல் ஏறிப் படமெடுப்பது குற்றமாகவே பார்க்கப்படும். 2019இல் டோச்சுலாவில் ஓர் இந்தியப் பயணி அப்படி ஏறியது பெரிய பரபரப்பாகி, அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிவைத்து விசாரித்தார்கள். மன்னரைப் பற்றிக் கிண்டல் வேண்டாம். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நிலநடுக்கம், வெள்ளம்?

இமயமலை, ஆகவே உண்டு. 2009 செப்டம்பரில் கிழக்குப் பூட்டானிலும் 2011இல் சிக்கிம் எல்லையிலும் பெரிய அதிர்வுகள். 1994 அக்டோபரில் லுனானா பகுதியில் பனியேரி உடைந்து, வெள்ளம் புனாகா கோட்டைவரை வந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு ஆற்றோரம் எச்சரிக்கைச் சங்குகள் வைத்திருக்கிறார்கள். புனாகாவில் சங்கு நீண்டு ஒலித்தால் படமெடுக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். மற்ற நாட்களிலும் ஆற்றில் இறங்கிக் குளிக்காதீர்கள், நீர் பனிக்குளிர், இழுப்பும் பலம்.

எல்லையில் தீவிரவாதம் இருந்ததே?

அசாம், வடக்கு வங்க ஆயுதக் குழுக்கள் தெற்குக் காடுகளில் முகாம் வைத்திருந்தன. 2003 டிசம்பரில் பூட்டான் ராணுவம் அவற்றை விரட்டியது. இன்று பயணிகளுக்கு அது கவலையல்ல. வடக்கே திபெத் எல்லை மூடப்பட்டது, அங்கே கடக்க வழியில்லை.

பணம், போன்?

பூட்டான் நாணயமான நுல்ட்ரமும் இந்திய ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று, ரூபாயை எல்லாக் கடையிலும் வாங்குவார்கள். 100, 200 நோட்டுகள் நிறைய வைத்திருங்கள். 2021 முதல் யூபிஐ உண்டு என்றாலும் மலைக்கடையில் சிக்னலை நம்பி நிற்காதீர்கள். பி-மொபைல் அல்லது தாஷிசெல் சிம் வாங்குங்கள். நேரம் இந்தியாவைவிட அரை மணி முன்னால், விமானத்துக்கு இதை மறந்துவிடாதீர்கள்.

திரும்பும்போது பழைய சிலை, பழைய துணி, பூஜைப் பொருள் என்று எதை வாங்கினாலும் அது தொல்பொருள் அல்ல என்ற அரசுச் சான்று கேளுங்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பிடித்துவைப்பார்கள். மிச்ச நுல்ட்ரமை ஜெய்காவ் கடைகள்வரை மாற்றலாம், அதற்கப்பால் யாரும் வாங்க மாட்டார்கள்.